உடுக்குறி இல்லாத எண்

நுழையும்முன்

எண்களால் நிறைந்த குருதி ஆய்வறிக்கை இன்று ஏறக்குறைய எல்லா இல்லங்களுக்கும் வந்து சேர்கிறது. தம் வீட்டு முதியோர் இருவரின் அறிக்கைகளை மருத்துவரின் துணையோடு படித்தறிந்த அனுபவத்தைக் கட்டுரையாளர் இங்கே எடுத்துரைக்கிறார்.

கடிதம் வந்தால் படித்துக் காட்டுவதற்கு ஊரில் ஒருவரைத் தேடிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. எழுத்தறிவு பரவியபின் அந்தத் தேவை மறைந்தது. இப்போது எழுதப் படிக்கத் தெரிந்த வீட்டிலும் படித்துக் காட்ட ஆள் தேடும் தாள் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. குருதி ஆய்வறிக்கையைத்தான் சொல்கிறேன்.

அதன் அமைப்பு எளியது. இடப்பக்கம் ஆய்வின் பெயர், அடுத்துக் கிடைத்த அளவு, பிறகு அலகு, வலப்பக்கம் இயல்பளவின் கீழெல்லையும் மேலெல்லையும். எல்லையைத் தாண்டிய எண்ணுக்கு அருகே ஓர் உடுக்குறியோ அம்புக்குறியோ இருக்கும். பெரும்பாலோர் ஆய்வின் பெயரைப் படிப்பதில்லை, எண்ணையும் படிப்பதில்லை. கண் நேராக உடுக்குறியைத் தேடிச் செல்கிறது. குறி இருந்தால் அச்சம், இல்லையெனில் நிம்மதி. அவ்வளவில் தாள் மடிக்கப்பட்டு அலமாரிக்குள் போய்விடுகிறது.

எங்கள் குடும்பத்தில் அந்தத் தாளைப் படித்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் மருத்துவம் பயின்றவனல்லன். கல்லூரியில் வேதியியல் படித்தவன் என்பதே எனக்கிருந்த தகுதி. காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் என் பெரியப்பா, பெரியம்மா ஆகிய இருவருக்கும் ஒரே வாரத்தில் எடுக்கப்பட்ட இரண்டு அறிக்கைகள் என் கைக்கு வந்தன. நுரையீரல் தொற்றால் மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்து மீண்டிருந்த பெரியப்பாவின் கால்சியம் அளவு 7.9, அருகில் உடுக்குறி. காலும் இடுப்பும் வலிக்கின்றன என்று ஓராண்டாகச் சொல்லிவந்த பெரியம்மாவின் அளவு 8.7, குறி ஏதுமில்லை. ஒரு டெசிலிட்டர் குருதியில் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இயல்பு என்று அந்த ஆய்வகம் அச்சிட்டிருந்தது. வீட்டார் பெரியப்பாவை எண்ணிக் கலங்கினர். பெரியம்மாவைப் பற்றி, ‘எலும்பில் குறையொன்றும் இல்லை, வயதாகிவிட்டது, அவ்வளவுதான்’ என்று அமைந்தனர். பெரியம்மாவும் அதையே சொன்னார். “நாப்பது வருசமா தறிக்குழியில தொங்கவிட்ட காலு, வலிக்காம என்ன செய்யும்?”

எலும்பில் நோய் இருந்தது பெரியம்மாவுக்குத்தான்.

பற்றிச் செல்லும் பாதி

முதலில் பெரியப்பாவின் உடுக்குறியைப் பார்ப்போம். குருதியில் ஓடும் கால்சியத்தில் ஏறத்தாழப் பாதி எதனோடும் பிணையாமல் அயனியாகத் திரிகிறது. நரம்பு செய்தி கடத்துவதும் தசை சுருங்குவதும் குருதி உறைவதும் இந்தப் பாதியைக் கொண்டுதான். எஞ்சியதில் பெரும்பகுதி ஆல்புமின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு செல்கிறது. வழக்கமான ஆய்வு இரண்டையும் சேர்த்து மொத்தமாகவே அளக்கிறது. நெடுநாள் நோய்ப்பட்டுக் கிடந்தவருக்கு ஆல்புமின் குறையும். பற்றிக்கொள்ளப் புரதம் இல்லாதபோது பற்றிச் செல்லும் கால்சியமும் குறையும். மொத்தக் கணக்கு சரியும். ஆனால், வேலை செய்யும் அயனிக் கால்சியம் குறைந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கடைத்தெருவில் மிதிவண்டிகள் குறைந்துவிட்டன என்பதற்காக நடந்து செல்வோரும் குறைந்துவிட்டனர் என்று கொள்ள முடியுமா?

மருத்துவர் அறிக்கையின் வேறொரு வரியைச் சுட்டிக்காட்டினார். ஆல்புமின் 2.6 என்றிருந்தது. 4 என்னும் அளவிலிருந்து அது 1.4 குறைவு. அந்தக் குறைவை 0.8ஆல் பெருக்கினால் 1.12. அதைக் கிடைத்த அளவாகிய 7.9உடன் கூட்டினால் ஏறத்தாழ 9 வருகிறது. உடுக்குறி கரைந்துபோயிற்று. இந்தக் கணக்கு ஒரு மதிப்பீடுதான், எல்லா நோயாளருக்கும் சரியாகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது என்றும் மருத்துவர் கூறினார். ஆகவே, அயனிக் கால்சியத்தைத் தனியே அளக்கச் செய்தார். அது இயல்பான எல்லைக்குள் இருந்தது. கால்சியம் உண்மையிலேயே குறைந்தோருக்கு உதட்டைச் சுற்றியும் விரல்நுனிகளிலும் மரமரப்புத் தோன்றும், கைத்தசை இழுத்துக்கொள்ளும். பெரியப்பாவிடம் இவை எவையும் இல்லை.

இங்கே வேதியியல் மாணவர்களுக்குப் பிடித்த ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. நீரின் கடினத்தன்மையை அளக்க ஆய்வகத்தில் ஈடிடிஏ கரைசலைத் துளித்துளியாகச் சேர்ப்போம். அது கால்சியத்தை இறுகப் பற்றும் சேர்மம். குருதி உறையாமல் காப்பதற்காக ஊதா மூடியிட்ட குழாயில் இதே சேர்மத்தைத்தான் பூசி வைத்திருக்கிறார்கள். அந்தக் குழாயில் எடுத்த குருதி சிறிதளவு கால்சியம் அளக்க வேண்டிய குழாயில் கலந்துவிட்டாலும் போதும், கால்சியம் பொய்யாகக் குறைந்து காட்டும். ஈடிடிஏ பொட்டாசியம் உப்பாகச் சேர்க்கப்படுவதால் அதே அறிக்கையில் பொட்டாசியம் பொய்யாக ஏறியிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் மட்டுமே உண்மையைக் கண்டுபிடிப்பார். கையில் கட்டும் பட்டையை நெடுநேரம் இறுக்கி வைத்தால் நிகழ்வது இதற்கு எதிரானது. நீர்மம் நாளத்தைவிட்டு வெளியேறிப் புரதம் செறிவடைவதால் மொத்தக் கால்சியம் சற்றே உயர்ந்து தோன்றும். எண் பிறக்கும் இடம் கருவி மட்டும் அன்று. ஊசி குத்தும் அந்த ஒரு நிமிடமும்தான்.

எழுந்து நிற்பதும் ஓர் ஆய்வே

பெரியம்மாவின் செய்தி வேறு. அவரை அழைத்துச் சென்றபோது மருத்துவர் தாளைப் பார்ப்பதற்கு முன்பே, “அம்மா, தரையில் அமர்ந்து கையை ஊன்றாமல் எழுந்து காட்டுங்கள்” என்றார். பெரியம்மாவால் முடியவில்லை. தொடையில் இரு கைகளையும் ஊன்றி, உடலைச் சிறிது சிறிதாக மேலே தள்ளித்தான் எழுந்தார். நடக்கும்போது உடல் இருபுறமும் அசைந்தது. கணுக்காலுக்கு மேலுள்ள முன்னெலும்பை மருத்துவர் கட்டைவிரலால் அழுத்தியதும் முகம் சுளித்தார். மூட்டில் வீக்கம் இல்லை. வலி எலும்பில் இருந்தது. தொடையும் இடுப்பும் வலுவிழந்திருந்தன. கால்சியத்தோடு பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், பாராதைராய்டு இயக்குநீர், வைட்டமின் டி ஆகியவற்றையும் அளந்து வருமாறு எழுதித் தந்தார்.

புதிய அறிக்கையில் கால்சியம் முன்போலவே 8.7. பாஸ்பரஸ் 2.4, அது கீழெல்லைக்குச் சற்றுக் கீழே. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 130க்குள் இருக்க வேண்டியது 248. பாராதைராய்டு இயக்குநீர் 65க்குள் இருக்க வேண்டியது 142. வைட்டமின் டி வெறும் 9.

ஐந்து எண்களில் நான்கு தவறியிருக்கக் கால்சியம் மட்டும் எப்படிச் சரியாக இருந்தது? இந்த வினாவுக்கான விடையில்தான் பெரியம்மாவின் ஓராண்டு வலி அடங்கியிருந்தது.

வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கால்சியம் உண்டு. அதில் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. குருதியில் ஓடுவது மிகச் சிறு பகுதி. ஆயினும், அந்தச் சிறு பகுதி ஏறினாலும் இறங்கினாலும் இதயத் துடிப்பும் நரம்பும் தடுமாறும். ஆதலால், உடல் அதை எப்பாடுபட்டேனும் ஒரே அளவில் நிறுத்துகிறது. கழுத்தில் தைராய்டுச் சுரப்பியின் பின்னே அரிசிமணி அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு பாராதைராய்டுச் சுரப்பிகள் இந்தக் காவலைச் செய்கின்றன. கால்சியம் சற்றே இறங்கினாலும் அவை இயக்குநீரைச் சுரக்கின்றன. அது சிறுநீரகத்திடம் கால்சியத்தை வெளியே விடாதே என்கிறது. பாஸ்பரசை வெளியேற்றச் சொல்கிறது. எலும்பிடம் உன் இருப்பிலிருந்து கொடு என்கிறது.

எங்கள் தெருவில் தறி நின்றுபோன மாதங்களில் வீடுகள் நடந்த முறையே இதற்கு ஏற்ற உவமை. அடுப்பு எரியும், குழந்தைகள் பள்ளிக்குப் போவார்கள், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வீட்டில் ஒரு குறையும் தெரியாது. நகைப்பெட்டி மட்டும் அடகுக்கடைப் பக்கமாக நடந்து நடந்து இலேசாகியிருக்கும். பெரியம்மாவின் குருதியில் இருந்த 8.7 அடுப்பு எரிந்த கணக்கு. 142 என்னும் பாராதைராய்டு எண் அடகுச் சீட்டு.

எலும்பை உருவாக்கும் உயிரணுக்கள் மிகுதியாக உழைக்கும்போது ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏறும். கல்லீரல் நோயிலும் அது ஏறும் என்பதால் மருத்துவர் கல்லீரல் ஆய்வின் மற்ற வரிகளையும் பார்த்தார். அவை இயல்பாக இருந்ததால் ஏற்றம் எலும்பிலிருந்து வந்தது என்று தெளிந்தார். எலும்பில் புரதச் சட்டகம் இருக்கிறது, அதில் பதிய வேண்டிய தாது இல்லை. குழந்தைகளிடம் காலை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோயின் முதியோர் வடிவம் இது. எலும்பு மென்மையாதல் என்பர். மாதவிடாய் நின்ற பெண்களிடம் பரவலாகக் காணப்படும் எலும்புப்புரை நோய் வேறு. அதில் தாதுவும் சட்டகமும் சேர்ந்தே குறைகின்றன. அந்நோயில் கால்சியமும் பாஸ்பரசும் ஆல்கலைன் பாஸ்பட்டேசும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அதைக் குருதி காட்டாது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் படம்தான் காட்டும்.

பாஸ்பரஸ் என்னும் வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எல்லாப்ரகட சுப்பாராவ் நினைவுக்கு வருகிறார். பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அமெரிக்கா சென்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சைரஸ் பிஸ்கே என்பவரோடு சேர்ந்து, குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை நிறத்தின் செறிவைக் கொண்டு அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். உயிர்வேதியியல் பயில்வோர் இன்றும் பிஸ்கே–சுப்பாராவ் முறை என்று அதைப் படிக்கின்றனர். நம் வீட்டு அறிக்கையில் இருக்கும் ஒரு வரிக்குப் பின்னே சென்னையில் படித்த ஒருவரின் உழைப்பு இருக்கிறது என்பது நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வெயில் நிறைந்த ஊரில்

வெயிலுக்குப் பஞ்சமில்லாத காஞ்சிபுரத்தில் வைட்டமின் டி எப்படி 9ஆகக் குறைந்தது என்று உறவினர் வியந்தனர். வெயில் ஊரில் இருந்தது. பெரியம்மா வெயிலில் இல்லை. குழித்தறியில் நெய்பவர் தரைமட்டத்தில் அமர்ந்து கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதிக்க வேண்டும். எங்கள் வீட்டுத் தறி நடுக்கூடத்தில் இருந்தது. விடியலில் குழியில் இறங்கினால் உணவு நேரம் தவிர மாலைவரை அங்கேதான். வெளிச்சத்துக்குத் தலைக்குமேல் ஒரு விளக்கு. சரிகை கோத்த முகூர்த்தப் புடவைகள் எத்தனையோ அந்த விளக்கொளியில் உருவாயின. கடைக்குப் போவதும் கோயிலுக்குப் போவதும் மாலையில்தான்.

வைட்டமின் டி தோலில் உண்டாவதற்குக் கதிரவனின் புறஊதாக் கதிர்களில் ‘பி’ என்னும் வகை தேவை. அந்தக் கதிர் காலையிலும் மாலையிலும் சாய்வாக வரும்போது வளிமண்டலத்தில் பெரிதும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. கண்ணாடிச் சன்னலைத் தாண்டுவதில்லை. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் பொழுதே அது தோலில் போதிய அளவு படும் பொழுது. இளங்காலை வெயில் இதமானது, நல்லது என்று சொல்கிறோம். இதம் என்பது உண்மை. வைட்டமின் கணக்கில் அதன் பங்கு சிறிது. கருநிறத் தோலுக்கு அதே அளவை உண்டாக்க இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள திருப்பதியைச் சூழ்ந்த பகுதியில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வு ஒன்று இன்னொரு காரணத்தையும் சுட்டியது. வயலில் உழைக்கும் சிற்றூர் மக்களிடம் நகரத்தாரைவிட அளவு கூடுதலாக இருந்தாலும் அவர்களிலும் பலரிடம் குறைவே காணப்பட்டது. உணவில் கால்சியம் குறைந்து, தானியங்களில் உள்ள பைட்டேட் என்னும் பொருள் மிகுந்திருப்பதும் வைட்டமின் டி விரைவில் செலவாகக் காரணம் என்று அவ்வாய்வாளர்கள் கருதினர். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அது பாலைவிடப் பெரிய எண். ஆயினும், பைட்டேட் பற்றிக்கொள்வதால் முழுவதும் உடலில் சேர்வதில்லை. முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் அந்தப் பிடி தளர்கிறது. கேழ்வரகைக் கரைத்துப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சிய நம் முன்னோர் பைட்டேட்டை அறியார், கூழை அறிந்திருந்தனர்.

தோலில் உண்டான வைட்டமின் டி கல்லீரலில் ஒரு மாற்றமும் சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றமும் அடைந்தபின்பே செயல்படும் வடிவம் பெறுகிறது. ஆனால், இறுதி வடிவத்தை அளந்தால் ஏமாறுவோம். பாராதைராய்டு இயக்குநீர் சிறுநீரகத்தை முடுக்கிவிடுவதால் இருப்பு வற்றியவரிடமும் அது இயல்பாகவோ, மிகுந்தோகூடக் காணப்படும். மேலும், சில மணி நேரத்தில் மறைந்துவிடும். கல்லீரலில் உண்டாகும் இடைவடிவமோ வாரக்கணக்கில் குருதியில் தங்கும். ஆதலால், இருப்பை அறிய அதைத்தான் அளக்கிறார்கள். அறிக்கையில் 25-ஹைட்ராக்சி என்னும் முன்னொட்டு இருப்பது அதனால்தான்.

அலகையும் கவனிக்க வேண்டும். கனடாவில் வாழும் உறவினர் ஒருவர் தொலைபேசியில் தமக்கு வைட்டமின் டி 60 என்றும், மருத்துவர் மாத்திரை தந்திருக்கிறார் என்றும் சொன்னார். 9 எங்கே, 60 எங்கே என்று வீட்டார் மலைத்தனர். அங்கே லிட்டருக்கு நானோமோலில் எழுதுகிறார்கள். இங்கே மில்லிலிட்டருக்கு நானோகிராமில். இரண்டரையால் வகுத்தால் அவருடைய 60 நம் கணக்கில் 24. நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. வைட்டமின் பி12ஐ அளக்கும் பிகோகிராம் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. அலகை விட்டுவிட்டு எண்ணை மட்டும் ஒப்பிடுவது, முழத்தையும் கெஜத்தையும் ஒன்றாக எண்ணிப் புடவை வாங்குவதைப் போன்றது.

இயல்பு என்பது யாருடைய இயல்பு?

வலப்பக்கத்து எல்லைகள் எங்கிருந்து வந்தன என்ற வினா எனக்கு நெடுநாளாக உண்டு. பெரும்பாலான ஆய்வுகளுக்கு, உடல்நலம் உடையோர் பலரின் குருதியை அளந்து, அளவுகளை ஏறுவரிசையில் அடுக்கி, இரு கோடிகளிலும் நூற்றுக்கு இரண்டரை வீதம் நீக்கிவிட்டு, நடுவிலுள்ள தொண்ணூற்றைந்து விழுக்காட்டை இயல்பு என்கிறார்கள். அப்படியானால், நலமுடைய நூறு பேரில் ஐவருக்கு உடுக்குறி விழுந்தே தீரும். நிகழ்தகவு பயிலும் மாணவர்கள் இதை மேலும் நீட்டிப் பார்க்கலாம். ஒன்றையொன்று சாராத இருபது ஆய்வுகளை நலமுள்ள ஒருவருக்குச் செய்தால் இருபதும் எல்லைக்குள் அமையும் வாய்ப்பு 0.95இன் இருபதாம் அடுக்கு. அது ஏறத்தாழ 0.36. மூவரில் இருவர் ஓர் உடுக்குறியேனும் இல்லாமல் ஆய்வகத்தைவிட்டு வெளியேற முடியாது! ‘முழு உடல் ஆய்வு’ என்று தொகுப்பாக விற்கப்படுபவற்றில் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் இருக்கின்றன.

வைட்டமின் டிக்கு இந்த முறை பொருந்தாது. ஊரே குறைபாட்டில் இருந்தால் அந்த ஊரின் நடு அளவும் குறைபாடாகவே இருக்கும். ஆகவே, எந்த அளவுக்குக் கீழே போனால் எலும்பு பாதிக்கப்படுகிறது என்று ஆராய்ந்து எல்லை வகுக்கிறார்கள். அதிலும் அறிஞர்கள் ஒருமித்த கருத்துடையவர்களாக இல்லை. அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் 2010இன் இறுதியில், 20 இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும் என்றது. அடுத்த ஆண்டே அந்நாட்டு நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 30 வேண்டும் என்றது. 2024இல் அதே சங்கம் 30 என்னும் தன் எல்லையைக் கைவிட்டது. நம் ஆய்வகங்களில் பல இன்னும் 30க்குக் கீழே எல்லாவற்றுக்கும் உடுக்குறி இடுகின்றன. 24 என்று வந்த ஒருவர் நோயாளரா என்பது யார் எழுதிய எல்லையைக் கொண்டு படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 9 என்று வந்த பெரியம்மாவைப் பற்றி எவரிடமும் கருத்து வேறுபாடு இல்லை.

வாரம் ஒருமுறை

மருத்துவர் வாரத்துக்கு ஒன்றாக எட்டு வாரங்களுக்கு 60,000 அலகு வைட்டமின் டி பொடியும் நாள்தோறும் கால்சியம் மாத்திரையும் எழுதினார். 60,000 என்னும் எண் பெரிதாகத் தோன்றினாலும் எடை ஒன்றரை மில்லிகிராம்தான். ஆனால், இது கொழுப்பில் கரைந்து உடலில் தங்கும் பொருள். வேண்டாததைச் சிறுநீரில் தள்ளிவிட உடலுக்கு வழியில்லை. வாரம் ஒன்று என்பதை நாள் ஒன்று என்று படித்தாலோ, எட்டு வாரம் முடிந்தபின்னும் தாமாகவே மாதக்கணக்கில் தொடர்ந்தாலோ, குருதியில் கால்சியம் ஏறத் தொடங்கும். தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, மனக்குழப்பம் என்று அது வெளிப்படும். சிறுநீரகம் கெடும். கொடுமை என்னவென்றால், அந்தச் சோர்வையும் குழப்பத்தையும் சத்துக் குறைவென்று கருதி மேலும் ஒரு பொட்டலம் கரைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. சத்துப்பொருள்தானே என்னும் நம்பிக்கையில் மருந்துக்கடையில் வாங்கிவரும் வழக்கம் நம்மிடையே மிகுந்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பெரியம்மாவின் நாட்காட்டியில் எட்டு ஞாயிறுகளை நான் சிவப்பு மையால் வட்டமிட்டேன். ஒன்பதாவது ஞாயிற்றில், ‘நிறுத்துக’ என்று எழுதினேன்.

பெரியப்பாவின் இன்னொரு குறி

பெரியப்பாவின் கால்சியத்துக்கு அருகே இருந்த உடுக்குறி வீண் அச்சம் தந்தது. அதே தாளின் இரண்டாம் பக்கத்தில் யாரும் பெரிதாக எண்ணாத மற்றோர் உடுக்குறி இருந்தது. வைட்டமின் பி12, மில்லிலிட்டருக்கு 190 பிகோகிராம், கீழெல்லை 200. பத்துதானே குறைவு என்றனர்.

பெரியப்பா பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்பார்மின் உண்பவர். புலால் உண்பதில்லை, நெடுங்காலமாகப் பாலும் இல்லாத தேநீரே அவர் வழக்கம். பி12 தாவர உணவில் இல்லை. பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலேயே இருக்கிறது. நெடுநாள் உண்ணும் மெட்பார்மின், குடல் அதை உறிஞ்சுவதைக் குறைக்கிறது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைவு வெளிப்பட ஆண்டுகள் ஆகும். அது வெளிப்படும் இடங்களுள் ஒன்று பாதம். எரிச்சல், மரத்துப்போதல், பஞ்சின்மேல் நடப்பதுபோன்ற உணர்வு. சர்க்கரை நோயாலும் இவை அனைத்தும் தோன்றும். அதனால் பெரியப்பாவின் கால் எரிச்சல் சர்க்கரையின் கணக்கிலேயே எழுதப்பட்டு வந்தது.

எல்லைக்கு அருகே நிற்கும் பி12 எண்ணை அதை மட்டும் கொண்டு நம்ப முடியாது. 250 உள்ளவரிடமும் நரம்புப் பாதிப்பு இருக்கலாம். ஐயம் ஏற்படும்போது ஹோமோசிஸ்டீனையோ, மெத்தில் மலோனிக் அமிலத்தையோ அளப்பார்கள். பி12 இல்லாவிட்டால் உடலில் தேங்கும் பொருள்கள் அவை. பி12 குறைந்தால் சிவப்பணுக்கள் பருக்கும் என்பது பாடம். ஆனால், இரும்புச்சத்துக் குறைந்தால் அவை சிறுக்கும். இரண்டும் ஒருங்கே குறைந்தவரிடம் ஒன்றையொன்று மறைத்து, அணுவின் சராசரி அளவு இயல்பாகத் தோன்றிவிடும். போலிக் அமிலமும் இப்படித்தான் ஏமாற்றும். அதை மட்டும் கொடுத்தால் குருதிச்சோகை தீரும். நரம்பின் கேடு உள்ளே வளரும். உடன்பிறந்தோரை வெப்பமண்டல வயிற்றுநோய்க்குப் பறிகொடுத்த சுப்பாராவ், பிற்காலத்தில் தம் குழுவினரோடு ஆராய்ந்தவற்றுள் இந்தப் போலிக் அமிலமும் ஒன்று.

பெரியப்பாவுக்கு ஊசி வழியாகப் பி12 தொடங்கினார்கள்.

மூன்று திங்கள் கழித்துப் பெரியம்மாவின் குருதியை மீண்டும் அளந்தோம். வைட்டமின் டி 9இலிருந்து 34ஆக ஏறியிருந்தது. பாஸ்பரஸ் 3.2. பாராதைராய்டு இயக்குநீர் 142இலிருந்து 78ஆக இறங்கியிருந்தாலும் எல்லைக்குள் வரவில்லை. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 190. எலும்பு மீண்டும் தாதுவை நிரப்பிக்கொண்டிருப்பதால் அது மெல்லத்தான் இறங்கும் என்றார் மருத்துவர். கால்சியம் 9.1. முதல் அறிக்கைக்கும் இதற்கும் இடையே ஓராண்டு வலியும் மூன்று மாத மருத்துவமும் இருந்தன. அந்த எண் நகர்ந்தது 0.4 மட்டுமே. பெரியம்மா இப்போது கையை ஊன்றாமல் எழுகிறார், ஆனால் இரண்டாம் முயற்சியில். நண்பகல் உணவுக்குப்பின் சிறிது நேரம் பின்கட்டில் முறத்தை வைத்துக்கொண்டு வெயிலில் அமர்கிறார்.

பெரியப்பாவின் கால் எரிச்சல் பாதியாகத் தணிந்திருக்கிறது. வலக்கால் பெருவிரலின் மரமரப்பு அப்படியே இருக்கிறது. அதில் சர்க்கரையின் பங்கு எவ்வளவு, பி12இன் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துச் சொல்ல எந்த ஆய்வும் இல்லை என்றார் மருத்துவர். மீண்டும் பி12 அளக்கலாமா என்று கேட்டோம். ஊசி போட்டபின் எண் எப்படியும் உயர்ந்தே இருக்கும், அதற்குச் செலவழிக்க வேண்டாம், மாதம் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு விரலைத் தொட்டுப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.